புகையைப் பனி என்று சொன்ன கரடி

குளிர் எலும்பைத் துளைக்கும் ஒரு மலைக்காட்டில், பூமிக்கடியில் நெருப்பு எரியும் குகை ஒன்று இருந்தது, குழந்தைகளே. அதன் வாயை ஒரு பெரிய பாறை அடைத்திருந்தது. பாறையைக் கொஞ்சம் நகர்த்தினால் இதமான சூடு கீழேயுள்ள சரிவெங்கும் பரவும். அதிகம் நகர்த்தினாலோ நச்சுப் புகை வந்துவிடும்.

குகைக்குக் காவல் கரிமுகன் என்ற கரடி. "கரிமுகன் இருக்கும்போது நமக்கென்ன பயம்?" என்று மான்களும் முயல்களும் குகைக்குக் கீழேயே குட்டிகளை மேயவிட்டன.

ஒரு நாள் காலை, வயிறு முட்டத் தேன் குடித்த மயக்கத்தில் கரிமுகன் பாறையை அளவுக்கு மீறி இழுத்துவிட்டது. குபுகுபுவென்று சாம்பல் நிறப் புகை கிளம்பியது. கரடி பதறிப்போய்ப் பாறையால் குகையை மூடியது. அதற்குள் புகை சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டது.

"ஐயோ, கீழே குட்டிகள் மேய்கின்றனவே! ஓடிப்போய்ச் சொல்கிறேன்" என்றது கரடி.

அப்போது அங்கே வந்த அமைச்சர் நரி வழியை மறித்தது. "சொன்னால் குகையையே மூடு என்பார்கள். பக்கத்துக் காட்டு ராஜா இந்தக் குகையைப் பார்க்க வருகிறார். நம் சிங்கராஜாவின் மானம் என்னாவது? வெறும் மூடுபனி என்று சொல், போ!"

கரடி தயங்கித் தயங்கிக் கீழே இறங்கியது.

"கரடி அண்ணா, இது என்ன? குட்டிக்குக் கண் எரிகிறதாம்" என்றது பூம்புள்ளி என்ற பெண்மான்.

"மூடுபனிதான் தங்கச்சி. பயப்படாமல் மேயுங்கள்."

"நீங்கள் சொன்னால் சரி அண்ணா" என்று மான் குட்டியை அங்கேயே விட்டது.

மாலைக்குள் அந்தக் குட்டியின் பார்வை போய்விட்டது. பூம்புள்ளி அதை நடத்திக்கொண்டு குகைக்கு வந்தது. "பனி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, அண்ணா. கொஞ்சம் உங்கள் பக்கத்தில் படுக்க வைக்கட்டுமா?"

குட்டி தடவித் தடவி வந்து கரடியின் காலில் முட்டியது.

"அது பனி இல்லை, தங்கச்சி. புகை. நான்தான் திறந்துவிட்டேன்."

பூம்புள்ளி குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

கரடி ராஜசபையிலும் எல்லாவற்றையும் சொல்லி அழுதது. சிங்கம் நரியைப் பதவியிலிருந்து துரத்தியது. சூடு மட்டும் வரும்படி பாறையைக் கொஞ்சம் நகர்த்தி, அதற்கு மேல் அசையாதபடி யானைகள் பெரிய கற்களை முட்டுக் கொடுத்தன.

கடும்பனி தொடங்கியது. குகைப் பக்கம் வராமல் எதிர்ச்சரிவில் மான் கூட்டம் வெடவெடவென்று நடுங்கி நின்றது.

"இப்போது ஆபத்தே இல்லை! நிஜமாகத்தான் சொல்கிறேன், வாருங்கள்!" என்று கரடி கத்தியது.

பூம்புள்ளி மட்டும் சற்று முன்னால் வந்தது. "நீங்கள் கைதவறிப் பாறையை இழுத்ததை அன்றே மன்னித்துவிட்டேன், அண்ணா. ஆனால், நான் கேட்டபோது உங்களுக்குத் தெரிந்திருந்தது, இல்லையா?"

கரடியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மான்கள் பனிக்குள் விலகிப் போயின. குகையின் சூடு ஆளில்லாத புல்வெளியில் வீணாகப் பரவிக்கொண்டிருந்தது.

நீதி: தவறு செய்தவரை மன்னிப்பவர்கள்கூட, அதை மறைத்தவர் பிறகு உண்மையே சொன்னாலும் நம்பமாட்டார்கள்.