மிதவை வரும் வரை

ஞானம் தேடுகிறவர்கள் மலை ஏறுவார்கள். தூத்துக்குடி இன்னாசி படகேறினார். அதுவும் மாதச் சம்பளத்துக்கு.

காலமெல்லாம் விசைப்படகு இன்ஜினோடு மல்லுக்கட்டியவர், ஐம்பது தாண்டிய பிறகு கடல் ஆராய்ச்சிப் படகில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே கருவிகளுக்கெல்லாம் பொறுப்பு ரெமிஜியா. வயதில் இன்னாசியின் மகளைவிட நாலைந்து கூட இருக்கும். வேலை கற்றுக்கொடுத்ததால் இன்னாசிக்கு அவர் ‘டீச்சர்’. டீச்சர் முறைத்தால் செத்துப்போன மீட்டரும் எழுந்து கணக்குச் சொல்லும் என்று படகில் பேச்சு. அவர் கருவியைத் தெரியாமல் கடித்த சுறா ஒன்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனதாம்.

அன்று காலை கடலுக்குள் போகும் வழியில் இன்னாசி லீவு கேட்டார்.

“ஞாயித்துக்கிழமையா? மறுபடியும் பாளையங்கோட்டையா அண்ணாச்சி?”

“ஆமா டீச்சர்.”

பாளையங்கோட்டையில் அவர் மகள் ஜெனோவா இருந்தாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவளைப் பார்த்து, “இனி என் வாசலை மிதிக்காதே” என்று சொன்னவர் இன்னாசிதான். இப்போது ஞாயிறு தவறாமல் அவள் வாசலில் போய் நிற்பவரும் அவரேதான். கையில் முந்திரி போட்ட மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலம். கேட்டில் மூக்கு உரச நின்றுகொண்டு, “மக்களே, வந்துரு!” என்று மகளைக் கூப்பிடுவார். இன்ஜின் சத்தத்தோடு போட்டி போட்ட தொண்டை. தெருவே வெளியே வந்துவிடும். அந்த ஒரு கதவு மட்டும் திறக்காது. பொட்டலம் கடைசியில் தெருநாய்க்குப் போகும். அந்த நாய் இப்போதெல்லாம் முந்திரி குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

“எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டேங்கா டீச்சர். ஏன்?”

அதற்குள் இடம் வந்துவிட்டது, படகு நின்றது.

போன வருஷம் அவர்கள் இறக்கிய கருவி அங்கே கடலடியில் இருந்தது. நீரோட்டத்தை அளக்கும் கருவி. ஓர் இரும்புக் குண்டு அதைத் தரையோடு பிடித்து வைத்திருக்கும். படகிலிருந்து ஒலி அனுப்பினால் கொக்கி கழலும். குண்டைக் கீழேயே விட்டுவிட்டு, மஞ்சள் மிதவைகளோடு கருவி மேலே வந்துவிடும்.

இன்னாசி தன் கையால் இறக்கிய முதல் கருவி. விளிம்பில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் பார்த்தார். பச்சைதான் தெரிந்தது.

டீச்சர் ஒலிப்பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினார். கீழேயிருந்து ‘டிக்’ என்று பதில் வந்தது.

“இருக்கு,” என்றார்.

“நமக்கு நேர் கீழயா?”

“நேர் கீழ.”

“அப்போ வரச் சொல்லுங்க டீச்சர்!”

டீச்சர் படகு டிரைவர் பக்கம் திரும்பினார். “கொஞ்சம் தள்ளிப் போவோம்.”

“தள்ளியா? வருஷம் பூரா இருட்டுல கெடந்த புள்ள! வந்ததும் தூக்கிக்கிட ஆள் வேண்டாமா?”

“நான் முதல்ல வேலை பாத்த படகுல ஒருத்தர் இருந்தார். உங்கள மாதிரியே பாசக்காரர். கருவிக்கு நேர் மேல படகை நிறுத்திக்கிட்டு ‘வா’ன்னுட்டார். வந்துச்சு. வந்த வேகத்துல படகையே முட்டித் தூக்கிருச்சு. சமையல்காரர் தோசைக்கல்லோட ஆகாசத்துக்குப் போனார். அவர் திரும்பி வர்றதுக்குள்ள தோசை ரெண்டு பக்கமும் முறுகிப்போச்சு.”

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னாசிக்கும் சிரிப்பு வந்தது.

“படகு என்னாச்சு?”

“படகுக்கென்ன? ஒரு கீறல்கூட இல்ல.”

“பின்ன?”

“கருவிதான் அண்ணாச்சி, சுக்குநூறாப் போச்சு.”

இன்னாசி விளிம்பிலிருந்து எழுந்துகொண்டார்.

படகு விலகிப் போய் நின்றது. டீச்சர் இரண்டாவது பொத்தானை அழுத்தினார். கொக்கி கழன்றுவிட்டதாகக் கீழேயிருந்து பதில் வந்தது. எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இன்னாசி எழுந்தார். நுரை. உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கடற்காக்கை.

சின்ன வயதில் ஜெனோவா, இவர் படகு கரை சேருகிற நேரத்துக்குத் துறைமுகத்தில் வந்து நிற்பாள். பக்கத்தில் வரமாட்டாள். கயிறு கட்டி, மீன் இறக்கி, கையைக் கழுவிவிட்டு இவர் நிமிரும்வரை ஐஸ்பெட்டி ஓரமாகவே நிற்பாள். நிமிர்ந்தாரோ இல்லையோ, ஒரே ஓட்டமாக ஓடி வருவாள். வந்து எவ்வளவு நேரமாச்சு என்று அவர் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

“கிட்டப் போவோமா டீச்சர்?”

“இன்னும் வரல.”

கடல் வெறுமனே மின்னிக்கொண்டிருந்தது. கண் கூசி நீர் வழிந்தது. வெயில்தான் என்று இன்னாசி துடைத்துக்கொண்டார்.

“டீச்சர்... எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்?”

“எதுக்கு அண்ணாச்சி? இதுக்கா?”

இன்னாசி கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: “அது முட்டிக்காம வர்றதுக்கு இடம் இருக்கணும். தலைய நீட்டுனா உங்க கண்ணுல படணும். அவ்வளவு தூரந்தான். அதுக்கும் அப்பால போயிட்டீங்கன்னா, அது வந்து காத்துக்கிட்டு இருக்குறதே உங்களுக்குத் தெரியாது.”