தார்ப்பாய்க்குள் மேல்மண்

மாசிலாமணி சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவான சாமியம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மாசிலாமணி போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம்தான் போனது, புத்தி போகவில்லை. மடத்துச் சாம்பாரில் முருங்கைக்காய் குறைந்தால்கூட யார் எடுத்தது என்று விசாரணை வைப்பார்.

மடத்துக்குச் செம்மண் மேட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது. ஆண்டிக்கண்ணு அதைக் குத்தகைக்கு எடுத்துக் கடலை போட்டுப் பிழைத்தான். அவனுக்கு வேறு நிலம் இல்லை. மேல்மண்ணுக்கு அடியில் நல்ல கிராவல் கிடந்தது. மழைக்காலத்தில் மூழ்கிப்போகும் ஊர்ச் சாலையை உயர்த்த அந்தக் கிராவல் வேண்டும் என்று ஊரார் வந்து நின்றார்கள். சாமியம்மா சம்மதித்தார்.

மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியாக வைக்க வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் தோண்டக் கூடாது. வேலை முடிந்ததும் பள்ளத்தின் ஓரங்களைச் சரிவாக்கி, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி, நிலத்தை ஆண்டிக்கண்ணுவிடம் ஒப்படைக்க வேண்டும். பேச்சு இவ்வளவுதான்.

"மேல்மண்ணு உங்க பொறுப்பு ஐயா" என்று மாசிலாமணியிடம் சொல்லிவிட்டு, சாமியம்மா காசிக்கு நடந்தே புறப்பட்டுவிட்டார்.

தை மாதத்தில் பொக்லைன்கார ஜெயசீலன் வந்து மண்ணை வழித்தான். மண்ணில் ஈரம் இருந்தது.

"இடுப்பு ஒசரத்துக்குப் பரத்திப் போட்டுறவா சார்? எப்பவும் அப்படித்தான் போடுறது."

மாசிலாமணி அவனை மேலும் கீழும் பார்த்தார். பரத்திப் போட்டால் ஓரத்தில் நாலு லோடு குறைந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? டவுனில் மாடித்தோட்டக்காரர்கள் செம்மண்ணுக்கு அலைகிறார்கள்.

"ஒரே குவியலாப் போடு. பக்கெட்டால அடிச்சு நல்லா இறுக்கு. ஒரு கூடை அள்ளினாலும் தடம் தெரியணும்."

"இறுக்கினா மண்ணு மூச்சு முட்டி..."

"சொன்னதைச் செய்யப்பா."

குவியல் மடத்துக் கூரையைவிட உயரமாக எழுந்தது. அதைப் பார்த்துவிட்டு ஆண்டிக்கண்ணு வந்தான்.

"நெலம் திரும்பி வர்ற வரைக்கும் கையில சோலி இல்லங்கய்யா. சும்மா கெடக்குற மண்ணுதானே, மேல கொள்ளு தூவிக்கிறேன். மாட்டுக்காவது ஆகும்."

இன்று கொள்ளு, நாளை ஒரு குடிசை, மறுநாள் கோர்ட்டில் அனுபவ பாத்தியதை. மாசிலாமணி தன் சர்வீசில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

"கிட்ட வராதே" என்றார்.

அன்றைக்கே குவியலை அடியோடு தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டினார். சுற்றிலும் முள்வேலி. வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கிராவல் போய்ச் சாலை உயர்ந்தது. அந்த ஐப்பசியில் பஸ் நிற்காமல் ஓடியது. ஊரே கொண்டாடியது. ஆண்டிக்கண்ணு மாட்டை விற்றான்.

அடுத்த ஆடியில் தார்ப்பாயைப் பிரித்தபோது சாக்கடையைக் கிளறியதுபோல் நாற்றம் வந்தது. மாசிலாமணி மூக்கைப் பொத்திக்கொண்டு மண்ணைப் பரப்பச் சொன்னார். ஆண்டிக்கண்ணு கடலை ஊன்றினான். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தவை வெளிறிக் கருகின. மற்றவை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயின.

 மாசிலாமணிக்குக் கண்ணுக்கு முன்னாலேயே ஏமாந்துவிட்டோமே என்ற ஆத்திரம். ஜெயசீலனைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"நல்ல மண்ணை வித்துட்டு, வேற எதையோ கொண்டுவந்து கொட்டியிருக்கே."

"கோட்டை மாதிரி வேலி போட்டு நீங்கதான சார் உக்காந்திருந்தீங்க? நான் எந்த வழியா வருவேன்?"

அதுவும் சரிதான் என்று பட்டது. உடனே ஆண்டிக்கண்ணு பக்கம் திரும்பினார்.

"கொள்ளு போட விடலேங்கிற கோபம் உனக்கு. விதையை அவிச்சுப் போட்டியா?"

ஆண்டிக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பொண்ணுங்க சோத்துல நானே மண்ணள்ளிப் போடுவேனாய்யா?"

மடத்துக்குப் போய், சாமியம்மா திரும்பி வந்ததும் நிலத்தை ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போகப்போவதாகச் சொல்லி வைத்தான்.

ஆவணியில் சாமியம்மா வந்தார். காலைக்கூடக் கழுவவில்லை. நடந்ததைக் கேட்டுக்கொண்டே நேராக மேட்டுக்குப் போனார். மாசிலாமணி, ஜெயசீலன், ஆண்டிக்கண்ணு மூவரும் பின்னால் போனார்கள்.

சாமியம்மா ஒரு கை மண்ணை எடுத்து முகர்ந்தார். ஆண்டிக்கண்ணுவிடம் நீட்டினார்.

"இது உன் மண்ணா, வேற மண்ணா?"

அவன் விரலால் கிளறினான். "எம் மண்ணுதான் தாயி. முந்துன வருசத்துக் கடலைத்தொலி பாருங்க. மக்காம அப்படியே கெடக்கு."

ஜெயசீலன் பெருமூச்சு விட்டான். மாசிலாமணி விடவில்லை.

"மண்ணு அதேதான்னா, உள்ள எவனோ புகுந்து எதையோ கலந்திருக்கான். யாருன்னு நீங்கதான் சாமி காட்டிக்குடுக்கணும்."

"நீங்க காவல் இருந்தப்போ யாரும் உள்ள போகலையா?"

"ஒருத்தனையும் கிட்ட விடல சாமி."

"ஆடு, மாடு?"

"வேலியைத் தாண்டல."

"மழைத் தண்ணி?"

"ஒரு சொட்டு இறங்கல. தார்ப்பாயை அப்படிக் கட்டியிருந்தேன்."

"காத்து?"

"அதுக்கும் வழியில்ல." மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தினார். "நான் இருந்த இருப்புல ஒரு எறும்பு, ஒரு மண்புழு..."

 ஆண்டிக்கண்ணு கையிலிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் நிறுத்திட்டீங்க ஐயா?" என்றார் சாமியம்மா. "ஆண்டிக்கண்ணுவைப் பார்த்துச் சொல்லி முடிங்க."