ஏழு பேருக்கான ஸ்பிரிங்

“வண்டி குதிக்குது தங்கச்சி,” என்றார் தங்கப்பழம்.

ஜெபக்கனி நிமிரவில்லை. ஒரு சுருள் ஸ்பிரிங்குக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சந்தோசத்துல குதிக்குதா, வருத்தத்துலயா?”

“விளையாடாத. ஒரு பள்ளம் விடாம தலை மேல போய் இடிக்குது. முதுகு போச்சு.”

அவள் எழுந்து வந்தாள். வண்டியின் முன்மூலையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கிக் கையை எடுத்தாள்.

வண்டி எழும்பியது. நின்றது.

மற்ற மூன்று மூலைகளிலும் அதையே செய்தாள். மூன்றும் எழும்பின. நின்றன.

“ஸ்பிரிங் குதிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. அதுக்குப் பொறப்பே அப்படி. ‘போதும், உக்காரு’ன்னு அதட்டுறது ஸ்ட்ரட்டு. அது செத்திருந்தா, கைய எடுத்த பிறகும் வண்டி தலையாட்டிக்கிட்டே கெடக்கும். உங்களுது ஒரே அதட்டுல உக்காந்துட்டு. போயிட்டு வாங்க.”

“அப்போ குதிக்கலைங்கியா?”

“ஸ்ட்ரட்டு நல்லாயிருக்குன்னு சொன்னேன்.”

இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள் என்பது தங்கப்பழத்துக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகளுக்குக் கீழே, சாலையோரம் ஒற்றையாக நின்ற கடை அது. ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட்டையும் தவிர ஜெபக்கனி வேறு எதையும் தொடமாட்டாள். இன்ஜின் இருமினால், “அது மேல உள்ள சீக்கு, நான் கால் வைத்தியம் மட்டும்தான்” என்பாள். வட்டாரத்து ஓட்டுநர்கள் அவளைக் குருவாகவே பாவித்தார்கள். அவள் காதுபட அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அவள் கைக்கெட்டும் தூரத்தில் எந்நேரமும் ஸ்பேனர் இருந்தது.

தங்கப்பழம் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கேள்வி கேட்க வருகிறவர் இளையவராக இருக்க வேண்டும் என்று விதியொன்றும் இல்லை.

அவர் ஓட்டியது ட்ராப் டாக்ஸி. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறக்கிவிடுவார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், விடுமுறை முடிந்து திரும்புகிற குடும்பங்கள். கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள் கூரைவரை இருக்கும். போகும்போது ஏழு பேர். வரும்போது, அந்தத் தொழிலின் பெயரே சொல்கிறபடி, ஒருவரும் இல்லை.

மறுமாதம் மீண்டும் வந்தார்.

“நாலு ஸ்ட்ரட்டையும் மாத்திட்டேன்,” என்றார்.

“எங்க?”

“நாகர்கோவில்ல.”

“நான்தான் நல்லாயிருக்குன்னு சொன்னேனே.”

“நீ சொன்ன. என் முதுகு கேக்கல.”

“இப்ப?”

“இப்பவும் குதிக்குது.”

ஜெபக்கனி சிரித்தாள். தங்கப்பழம் சிரிக்கவில்லை. வண்டியின் கதவில் சாய்ந்து நின்று, காற்றாலையின் இறக்கைகளைப் பார்த்தார்.

“முதலாளி போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கன்னியாகுமரி போனாரு. நான்தான் ஓட்டுனேன். ‘மெத்தையில இருக்க மாதிரி இருக்குவே, இதுவா குதிக்குது? உமக்கு வயசாயிட்டு. இன்னொரு தடவ குதிக்குதுன்னு வந்தீரு, சாவிய வச்சிட்டுப் போயிரும்’னுட்டாரு. சாவிய வச்சா வச்சிட்டுப் போறேன். ஆனா தங்கச்சி…”

கதவின் தூசியை விரலால் துடைத்தார்.

“சொல்லுங்க.”

“ஸ்டாண்டுல எல்லாவனும் என்னைய ஒரு மாதிரி பாக்கான். ‘அண்ணாச்சி, இன்னிக்கு எத்தனை அடி குதிச்சுது?’ங்கான். ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை குதிக்கலையோ? நாந்தான் குதிக்கேனோ?”

ஜெபக்கனி கைத்துணியை உதறினாள்.

“ஒரு சாட்சி கூட்டிட்டு வாங்க.”

“என்னது?”

“அது குதிக்கும்போது கண்ணால பாத்த ஒரு ஆளு. ஒருத்தர் போதும். கூட்டிட்டு வந்தீங்கன்னா வைத்தியம் பாக்கேன்.”

“வைத்தியத்துக்கு எதுக்கு சாட்சி? இதென்ன கோர்ட்டா?”

அவள் ஸ்பிரிங்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

அடுத்த பயணத்தில் தங்கப்பழம் ஏழு பேரிடமும் தனித்தனியே கேட்டார். “தம்பி, வண்டி குதிக்குதா?” கத்தாருக்குப் போகிற கொத்தனார்கள் அவர்கள். ஐந்து பேர் தூக்கம் கலைந்து, “இல்லையே” என்றார்கள். ஆறாவது ஆள், “குதிக்காம ஓட்டுங்க, பெட்டியில ஊறுகா இருக்கு” என்றான். ஏழாவது ஆள் கையை மட்டும் அசைத்தான். அவன் மனைவியோடு போனில் இருந்தான்.

மார்த்தாண்டம் தாண்டியதும் தங்கப்பழம் கேட்பதை விட்டுவிட்டார். அவருக்கே தெரிந்தது. வண்டி குதிக்கவில்லை. மெத்தை மாதிரிதான் போனது.

விமான நிலையத்தில் ஏழு பேரும் இறங்கினார்கள். பெட்டிகள் இறங்கின. கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. யாரோ ஒருவன் கண்ணாடியில் தட்டி, “வாறோம் அண்ணாச்சி” என்றான். அவன் போகத்தான் செய்தான். அந்த ஊர்ப் பேச்சில் போவதற்கும் அதைத்தான் சொல்வார்கள்.

நெய்யாற்றின்கரையில் தலை மேலே இடித்தது.

பாறசாலையில் இடித்தது. களியக்காவிளையில் இடித்துவிட்டு, ஒரு தரம் பக்கவாட்டிலும் உலுக்கியது. தங்கப்பழம் வண்டியை ஓரங்கட்டினார். பேருந்து நிறுத்தத்தில் குடையோடு ஒருவர் நின்றிருந்தார்.

“நாகர்கோவிலா? ஏறுங்க. காசு வேண்டாம்.”

குடைக்காரர் சந்தேகமாகத்தான் ஏறினார். ஏறி இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டார். வண்டி குதித்தது. அவர் தலை கண்ணாடியில் மோதித் திரும்பிவந்தது, மீண்டும் மோதியது. வாய் திறந்திருந்தது. சாட்சி சொல்பவர் விழித்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா தெரியவில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நாகர்கோவிலில் இறங்கும்போது குடைக்காரர் வண்டியின் கூரையை அன்போடு தடவினார்.

“அருமையான வண்டிங்க. தொட்டில் மாதிரி.”

அங்கிருந்து ஆரல்வாய்மொழிவரை தங்கப்பழம் மெதுவாக ஓட்டினார். கடைமுன் நிறுத்தி, இறங்காமலே சொன்னார்:

“சாட்சி கெடைக்கல.”

“ஏன்?”

“ஆளு நெறஞ்சிருந்தா குதிக்க மாட்டேங்கு. நான் மட்டும் இருந்தா குதிக்குது. அப்போ சாட்சிக்கு எங்க போக?”

ஜெபக்கனி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். டார்ச்சை எடுத்தாள்.

“இறங்குங்க.”

அவள் டார்ச்சோடு பின்பக்கம் படுத்து உள்ளே நகர்ந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“இந்த ஸ்பிரிங்க யாரு போட்டா?”

“முதலாளிதான். வண்டி வாங்குனப்போ ஏழு பேரும் பெட்டியும் ஏறுனா பின்பக்கம் தரையில உரசுச்சு. தடியான ஸ்பிரிங்கா பாத்து மாத்துனாரு.”

“ஏழு பேருக்குன்னு போட்டிருக்காரு. ஏழு பேரு ஏறுனாத்தான் இது வளையும். நீங்க ஒத்தையா இருந்தா இதுக்கு ஒரு ஆளு இருக்கிறதே தெரியாது. பள்ளத்தை அப்படியே தூக்கி உங்க முதுகுல குடுத்துரும். ஸ்ட்ரட்டு அதட்டினாலும் எவ்வளவுதான் அதட்டும்?”

வெளியே வந்து, முடியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். உள்ளே போய் இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து வந்து மேசைமேல் நிறுத்தினாள். ஒன்று மெலிந்தது. ஒன்று அதைவிடக் கொஞ்சம் தடித்தது.

“இந்த மெலிஞ்சத மாட்டுனா, வரும்போது மெத்தை. போகும்போது வால் தரையில உரசும். இந்தத் தடிச்சத மாட்டுனா, போகும்போது கொஞ்சம் கஷ்டம், வரும்போதும் கொஞ்சம் கஷ்டம். இல்ல, கெடக்கதே கெடக்கட்டும். எது வேணும்?”

“எது நல்லது?”

“நல்ல ஸ்பிரிங்கு, கெட்ட ஸ்பிரிங்கு எல்லாம் கெடையாது. வண்டியில யாரு இருக்காங்கங்கதுதான் கணக்கு. சொல்லுங்க, யாரு இருக்கா?”

“போகும்போது ஏழு பேரு.”

“சரி. வரும்போது?”

“யாருமில்ல.”

“நீங்க?”

தங்கப்பழம் மெலிந்த ஸ்பிரிங்கின்மேல் கை வைத்து அமுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. அதையும் கையால் அமுக்கிவிட முடியாது.

“ஸ்பிரிங்கு கெடக்கட்டும், தங்கச்சி,” என்றார். “அது குதிக்குதுன்னு நீ நம்புதியா?”

“இந்த ஸ்பிரிங்குக்கு குதிக்கத்தான் செய்யும்.”

“செய்யும்னு சொல்லுத. செய்யுதுன்னு சொல்ல மாட்டேங்க.”

ஜெபக்கனி அவரைப் பார்த்தாள். பிறகு கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். வண்டியின் பின்கதவைத் திறந்து, கடைசி இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

“எடுங்க.”

“முன்னால வந்து உக்காரு.”

“குதிக்கது இங்கதான் ஜாஸ்தி. எடுங்க.”

“நீ ஏறிட்டியே. ஆளு இருந்தாத்தான் குதிக்காதே.”

“ஏழு பேரு பாரத்துக்கு நான் எந்த மூலைக்கு? என்னைய அது கண்டுக்காது.”

தங்கப்பழம் வண்டியை எடுத்தார். பழைய சாலையில் திருப்பினார். அங்கேதான் பள்ளங்கள் அடுக்கிவைத்தாற்போல் வரிசையாகக் கிடந்தன. முதல் ஒரு கிலோமீட்டர் மட்டும் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். இருபுறமும் காற்றாலைகள். காற்று கண்ணாடியை உரசிக்கொண்டே வந்தது.

அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். இன்றைக்குப் பார்த்து அது குதிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது? சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். மனத்தையும் கூடவே எங்கேயாவது வைத்துவிட்டுப் போக வேண்டும்.

“எப்பவும் இப்படித்தான் உம்முன்னு ஓட்டுவியளா?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

“யார்ட்ட பேச?”

“வரும்போது சரி. போகும்போது ஏழு பேரு உண்டுல்லா?”

“அவங்க அவங்களுக்குள்ள பேசுவாங்க. நான் கேப்பேன்.”

“என்ன கேப்பிய? ஒண்ணு சொல்லுங்க.”

“என்னத்த சொல்ல?”

“சும்மா ஒண்ணு.”

அவர் யோசித்தார். யோசிக்கிற முகத்தைக் கண்ணாடியில் அவளும் பார்த்தாள்.

“பணகுடிக்காரப் பய ஒருத்தன்,” என்று ஆரம்பித்தார். “குவைத்துக்குப் போறான். ஏழு பேரும் ஏறியாச்சு. காவல்கிணறு தாண்டியாச்சு. திடீர்னு ‘அண்ணாச்சி, பாஸ்போர்ட்டக் காணும்’ங்கான். மத்த ஆறு பேரும் அவனைய அடிக்காத குறை. திருப்புனேன் வண்டிய.”

“பெறவு?”

“வீட்டு வாசல்ல அவன் பொண்டாட்டி நிக்கா. கையக் கட்டிக்கிட்டு. எடுத்து ஒளிச்சு வச்சதே அவதான். எங்க வச்சிருப்பான்னு நெனைக்க?”

“எங்க?”

“அரிசி டின்னுக்குள்ள!”

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தங்கப்பழத்தின் கை ஸ்டியரிங்கில் கொஞ்சம் தளர்ந்தது.

“ஏழு ஆம்பளைங்க நின்னு கெஞ்சுதோம். ‘ஏ தாயி, பிளேனு போயிரும்’னு. அவ அசையணுமே! ‘டீத் தண்ணிகூட குடிக்காம ஓடியிருக்காரு. சாப்பிட்டாத்தான் தருவேன்’னுட்டா. சரின்னு அவன் உக்காந்தான். அவன் மட்டும் சாப்பிட்டா நல்லாயிருக்காதுன்னு மத்த ஆறு பேருக்கும் எலையப் போட்டுட்டா. பிளேனுக்கு நேரமாவுது, இவனுங்க ரசத்துக்கு அப்பளம் கேக்கானுவ!”

“ஐயோ!”

“நான் வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கேன். அவ வெளிய வந்தா. கையில கரண்டி. ‘ஏன் அடிக்கிய? உங்களுக்கும்தான் எலை போட்டிருக்கு, வந்து உக்காருங்க’ன்னா. எட்டாவது எலை, தங்கச்சி! இத்தன வருசத்துல இந்த வண்டியில ஏறுனவங்க வீட்டுல ஒருத்தரும் எனக்கு எலை போட்டதில்ல. உக்காந்தேன். நானும் அப்பளம் கேட்டேன்!”

அவர் சிரித்தார். கண்ணில் நீர் வர, ஒரு கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். இந்தக் கதையை அவர் ஆவணியிலிருந்து வைத்திருந்தார். இப்போது மாசி.

சிரிப்பு அடங்கியபோதுதான், பின்னால் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தார். புதுத் தார் எப்போதோ முடிந்திருந்தது. கண்ணாடியைப் பார்த்தார்.

ஜெபக்கனி இரண்டு கைகளாலும் உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முடியெல்லாம் கலைந்திருந்தது. கைத்துணி தோளிலிருந்து பறந்து நடு இருக்கையில் விழுந்து கிடந்தது.

“என்னாச்சு தங்கச்சி?”

“ஆமா அண்ணாச்சி,” என்றாள் அவள். “குதிக்குது. நாலு பள்ளத்துலயும் குதிச்சுது.”

“எப்ப?” என்றார் தங்கப்பழம்.