மூன்று முறை கூப்பிட்டும்

இந்தக் கதையின் விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்கிறவர்கள் அணைத்துவிட்டு வாருங்கள். தவறவிட்டால் நான் பொறுப்பில்லை.

சின்ன ஊர் ஒன்றில் சூசைமாணிக்கம் என்பவருக்கு அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகைகளை மடித்து உறையில் போட வேண்டும். அவருக்குக் கல்யாணமாகவில்லை, அக்கா ரெஜினாவோடு இருந்தார். அவருக்கு ஒரு நோய் உண்டு. பக்கத்தில் யாருமே இல்லாதபோதும் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழும். கூப்பிட்டுவிட்டுத் திட்டவும் செய்யும்.

எதிர் வீட்டில் காதுகுத்து நடந்தது. மொய் வைத்தவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அந்தக் கூட்டத்தில் வேறொரு சூசைமாணிக்கம் இருந்து தொலைத்தார். வாசித்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்தப் பெயரை இழுத்து இழுத்துச் சொன்னார். நம்மவர் ஏணி போட்டு ஏறி, ஒலிபெருக்கியைக் கழற்றிக் கீழே போட்டு, கல்லால் நசுக்கிவிட்டார். மனிதர் யாரையும் தொடவில்லை. வழக்குப் பதிவானது.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நம் ஊர் வரிசை அப்படி: முதலில் போலீஸ், பிறகு டாக்டர். அவர் மாத்திரையோடு ஒரு விதியும் கொடுத்தார். "முகம் தெரியாத குரலுக்குப் பதில் சொல்லாதீங்க. ஆள் முன்னால வந்து நின்னு கூப்பிட்டா மட்டும் எந்திரிங்க." அந்த விதியைப் பிடித்துக்கொண்டு சூசைமாணிக்கம் நிம்மதியாகத் தூங்கவும் வேலைக்குப் போகவும் தொடங்கினார்.

பிறகு கோர்ட் வாய்தா வந்தது. கோர்ட் அறை சின்னது. முறை வரும்வரை எல்லாரும் வராந்தாவில்தான். பெஞ்ச் இருந்ததோ வராந்தா திரும்புகிற மூலைக்கு அப்பால், வாசற்படி தெரியாத இடத்தில். பெயர் கூப்பிடும் டவாலி வாசற்படியில் நின்றே மூன்று முறை கூவுவார். படியை விட்டு இறங்க மாட்டார். அன்று ஒரு தடவை இறங்கினார். மில் முதலாளி ஒருவர் வேப்பமரத்தடியில் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தார். டவாலி அங்கே நடந்து போய், கண்ணாடியைத் தட்டிக் குனிந்து, "ஐயா, நம்ம கேஸுங்க" என்றார். மாஜிஸ்திரேட் அம்மாவின் நாற்காலிக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே அந்த மரம்.

அடுத்து, படியில் நின்றபடி சூசைமாணிக்கம் பெயரை மூன்று முறை கூவினார். பெஞ்சில் இருந்தவருக்கு மூன்றும் நன்றாகவே கேட்டன. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி அசையாமல் இருந்தார். அவருடைய வக்கீல் குலசேகரன் மாடியில் வேறு வழக்கில் நின்றார். ரெஜினா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தார். ஆள் ஆஜராகவில்லை என்று பிடிவாரண்டு போட்டாயிற்று.

குலசேகரன் விழுந்தடித்து இறங்கி வந்து, மனுப் போட்டு வாரண்டை ரத்து செய்ய வைத்தார். ஏன் பதில் சொல்லவில்லை என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"கேட்டுச்சும்மா. ஆளைக் காணோம்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை, ஆனால், இன்னொரு முறை இப்படி நடந்தால் ஜெயில்தான் என்று சொல்லி அனுப்பினார். ஜெயிலுக்குப் போனால் மாத்திரை தவறும், தவறினால் அந்தக் குரல்கள் எல்லாம் திரும்பி வரும். ரெஜினாவுக்கு அது ஒன்றுதான் பயம்.

அந்தப் பயத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று தம்பியின் பெயரைக் கூப்பிட்டு, "இருக்கேன்" என்று எழுந்து நிற்கப் பழக்கினார். தம்பியும் சீக்கிரமே பழகிவிட்டார். ஒரு வாரத்துக்குள், அச்சகத்தில் யாருமே கூப்பிடாதபோதும் "இருக்கேன்" என்று எழுந்து நின்றார்.

அடுத்த வாய்தாவுக்கு ரெஜினா லீவு போட்டுவிட்டுத் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மாஜிஸ்திரேட் முன்னால் மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். வழக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இவர் இல்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வழக்கை நிறுத்தி வையுங்கள் என்றார் குலசேகரன். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தால் எந்தக் குரலுக்கும் எழுந்திருக்கத் தம்பியைப் பழக்கிவிடுவேன் என்றார் ரெஜினா.

சூசைமாணிக்கம் கடைசியாகப் பேசினார். "மைக்செட்டுப் பெட்டியை ஒடைச்சது நான்தாம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன். யாராவது முன்னால வந்து நின்னு கூப்பிட்டா வந்துருவேன்."

அரசு வக்கீலுக்கு இது பொறுக்கவில்லை. குற்றம் செய்தவரை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்று கேட்டார். இவர் பத்திரிகை மடிக்கிறவர்தானே, கோர்ட்டும் ஆளுக்கொரு பத்திரிகை அடித்துக் கொடுத்துவிடலாமே என்றார். இன்று இவருக்காகப் படி இறங்கினால் நாளை ஊரே கேட்கும், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று முடித்தார்.

மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மூன்று பேருமே சூசைமாணிக்கம் ஜெயிலுக்குப் போகக் கூடாதென்றுதான் கேட்டார்கள். இதில் யார் கேட்டது சரி? அரசு வக்கீலுக்கு என்ன பதில்?

விடை: வக்கீல் கேட்டதைக் கொடுத்தால் ஜெயில் இல்லைதான், ஆனால் தான் செய்ததைத் தானே சொல்ல வந்த மனிதரின் வாயைப் பொத்தி அனுப்புவதாகிவிடும். அக்கா கேட்டதைக் கொடுத்தால் டாக்டர் கட்டியதைக் கோர்ட்டுக்காக இடிக்க வேண்டும். அதில் பாதி அச்சகத்திலேயே இடிந்துவிட்டது. ஆகவே சூசைமாணிக்கம் கேட்டதுதான் சரி. அரசு வக்கீலுக்கான பதில் வேப்பமரத்தடியில் இருக்கிறது. படி இறங்குவது அந்தக் கோர்ட்டுக்குப் புதிதல்ல. காருக்காக இறங்கிய கால் பெஞ்சுக்காகவும் இறங்கலாம். மாஜிஸ்திரேட் அப்படியே உத்தரவு போட்டார். அடுத்த வாய்தாவில் டவாலி மூலை திரும்பி வந்து, சூசைமாணிக்கத்தின் முன்னால் நின்று பெயரைச் சொன்னார். சூசைமாணிக்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரிடம், "அண்ணே, இவர் உங்களுக்கும் தெரியுறாரா?" என்று கேட்டார். "இம்புட்டுப் பெரிய மீசை தெரியாமலா?" என்றார் அவர். சூசைமாணிக்கம் எழுந்து உள்ளே போனார். இரண்டாவது முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை.