தாழை வேய்ந்த குடில்

பாய்மரத் தோணிகள் மட்டுமே ஓடிய காலம் அது, பிள்ளைகளே. கடலோரத்து ஊர் ஒன்றில் இஞ்ஞாசி என்று ஒருவர் இருந்தார். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குக் கோயில் முற்றத்தில் குடில் கட்டுவது அவர் பொறுப்பு.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டுக்கு ஒரு பச்சைத் தழை வர வேண்டும். அத்தனையும் சேர்ந்துதான் குடிலுக்குக் கூரை. கூரை பச்சையாக இருந்தால்தான் அதன் கீழ்க் கிறிஸ்து பாலனைக் கிடத்துவார்கள்.

மேலத்தெருவார் வாழையிலை கொண்டுவந்தார்கள். நடுத்தெருவார் வேப்பங்குழை கொண்டுவந்தார்கள். கீழத்தெருவார் மாவிலை கொண்டுவந்தார்கள்.

கடைசியாக மதலேனாள் வந்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். மணல் மேட்டில் குடிசை. அங்கே முளைப்பது முள் நிறைந்த தாழை ஒன்றுதான். அதைத்தான் அறுத்து வந்திருந்தாள்.

"என்ன மதலேனா, பச்சைப் பிள்ளைக்குக் கூரை போடுறோமா, வேலி போடுறோமா?" என்றார் இஞ்ஞாசி. முற்றமே சிரித்தது.

"எங்க வீட்டுப் பச்சை இதுதான் மாமா."

அவர் அதை வாங்கிச் சுவருக்கு அப்பால் எறிந்தார். அவள் திரும்பிப் போனாள்.

கூரை வேய்ந்த முதல் நாள் கடற்காற்று வாழையிலையை நார்நாராகக் கிழித்தது. இரண்டாம் நாள் வெயில் வேப்பங்குழையைக் கருக்கியது. மூன்றாம் நாள், திருநாளுக்கு முந்தின மத்தியானம், மாவிலையை ஆடுகள் தின்றுவிட்டன. திருநாள் கறிக்கு வாங்கிய ஆடுகளைக் குடிலின் காலிலேயே கட்டியவர் யார் என்கிறீர்கள்? இஞ்ஞாசிதான்.

ஊரில் இருந்த சில மரங்களையும் ஏற்கெனவே மொட்டையடித்தாகிவிட்டது. பொழுது சாய்ந்தால் ஊர் கூடும். இஞ்ஞாசி சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். எறிந்த தாழை அப்படியே பச்சையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் மேயும் ஆடுகள்கூட அதில் வாய் வைக்கவில்லை. ஆனால் அது ஒன்று கூரைக்குப் போதாது.

மணல் மேட்டுக்கு நடந்தார். ஒருமுறை பாதி வழியில் திரும்பினார். மறுமுறை குடிசையைக் கண்டதும் திரும்பினார். மூன்றாம் முறை மதலேனாளே வெளியே வந்துவிட்டாள்.

"என்ன மாமா, வேலி போடணுமா?"

இஞ்ஞாசி மண்ணைப் பார்த்தபடி, "கூரைக்குத்தான் தாயி," என்றார்.

அவள் அரிவாளை நீட்டினாள். "அறுத்துக்குங்க. அந்தப் பிள்ளை தலைக்கு ஒரு நாள் முள்ளு கிரீடமா வரத்தானே போகுது. இன்னைக்காவது அது நிழலா இருக்கட்டும்."

அன்று பாலனைத் தாழையின் கீழ்க் கிடத்தினார்கள். குடில் அழகு என்று ஊரே மெச்சியது. இஞ்ஞாசி மட்டும் கடைசியில் நின்றார். முள் கிழித்த கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். கும்பிடக்கூட வெளியே எடுக்கவில்லை.

அது முதல் அந்த ஊரில் மணல் மேட்டுத் தாழைதான் கூரையின் முதல் தழை. ஆடுகளையும் தூரத்தில்தான் கட்டுகிறார்கள்.

எளியவர் மனமுவந்து தந்ததை இகழ்ந்து எறிந்த கை, ஒரு நாள் அதையே கேட்டு நீள வேண்டிவரும்.