வேங்கை மரத்தடிச் சருகு

"தாயி, மலைக்கு யாரோ தீ வெச்சுட்டாங்க."

ஓடி வந்த வேகத்தில் ஏகாம்பரத்தின் ஒரு செருப்பைக் காணோம்.

அறுபத்திரண்டு வயது. வனத்துறை வேலையில் இருந்தவரை காட்டுத்தீ அணைத்தவர். ஓய்வு பெற்றதும் மலையில் வாழும் ரங்கியிடம் சீடராக வந்து சேர்ந்தார். ரங்கி அவரைவிட இருபது வயது இளையவள். ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரங்கி கை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கரியாக ஓடியது.

"நான்தான் வெச்சேன், பெரியவரே."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எறும்புப் புற்றைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவள் இவள்.

தீ எரிந்த சரிவில்தான் அவருடைய வேங்கை மரம் நின்றது. செத்துப்போன மகள் தவமணியின் சாம்பலைக் குழியில் போட்டு நட்ட மரம். பதினோரு வருஷமாக அந்தப் பக்கம் ஒரு பீடிக் கங்கு விழ அவர் விட்டதில்லை. வேருக்குக் குளிர்ச்சி என்று, சரிவில் உதிரும் சருகையெல்லாம் கூட்டி அதன் அடியில்தான் குவிப்பார்.

"எம் பொண்ணு அங்க இருக்கா, தாயி."

"வாங்க, பாக்கலாம்."

வழி நெடுக அவர் திட்டிக்கொண்டே வந்தார். குருவைத் திட்டலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. ரங்கி முன்னால் நடந்தாள்.

தை மாதப் பனி இன்னும் காயவில்லை. தீ மேட்டிலிருந்து கீழே, காற்றுக்கு எதிராக, கணுக்கால் உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ரங்கி அதற்கு முன்னால் போய்க் கம்பால் புல்லைத் தட்டினாள். ஒரு கவுதாரி எழுந்து பறந்தது.

தீ ஒரு நெல்லி மரத்தை நெருங்கியது. ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது தீ மரத்தைத் தாண்டிப் போயிருந்தது. அடிப்பட்டை கறுத்திருந்தது, அவ்வளவுதான். புல்லை அமுக்கிக்கொண்டு முளைத்திருந்த உண்ணிச்செடிதான் கருகிக் கிடந்தது.

அவருக்கு நம்ப முடியவில்லை. எத்தனை தீயை அணைத்திருக்கிறார். ஒன்றையாவது இப்படி நின்று பார்த்ததில்லை.

வேங்கைக்கு இருபது அடி முன்னால், மண் தெரிய ஒரு பாதை செதுக்கியிருந்தாள் ரங்கி. தீ அங்கே வந்து நின்றது. அணைந்தது.

அவர் கைகூப்பினார். "எம் மரத்தை விட்டுட்டீங்க, தாயி."

"விடலீங்க. அது உங்க பங்கு."

தீப்பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் வெக்க மாட்டேன்."

"சரி, வெக்காதீங்க. சித்திரை வெயில்ல எங்கிருந்தாவது தீ அதுவா வரும். அப்ப கணுக்காலோட நிக்காது."

ஏகாம்பரம் திரும்பி மரத்தைப் பார்த்தார்.

சருகு அவர் இடுப்புவரை இருந்தது. நன்றாகக் காய்ந்த சருகு. அவரே சுமந்து வந்து, சரியாமல் இருக்க நாலு பக்கமும் கட்டை கொடுத்து, அவரே அடுக்கியது.

இப்படி இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், சுடுகாட்டில், அடுக்கியிருக்கிறார். அதுவும் தவமணிக்குத்தான்.

தீப்பெட்டி கீழே விழுந்தது. அவர் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சருகை வாரி எறியத் தொடங்கினார்.