தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ஆற்றோரத்து ஊர் ஒன்றின் தாலுகா ஆபீசில் பதிவறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தமயந்தி. பழைய ஊர்க் கணக்கர்களான கர்ணங்களின் கோழிக்கிறுக்கலை அட்சரம் பிசகாமல் வாசிப்பார். முன்னோரைத் தேடி வருகிறவர்களுக்கும் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர். வயது நாற்பத்தேழு.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வைரக்கண்ணுவுக்கு அறுபத்திரண்டு. குருவும் சீடரும் வயசுப்படியா அமைகிறார்கள்?

வைரக்கண்ணு தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவதற்குச் சொல்வோமே, அந்தக் கேலி இல்லை. பெற்றவள் நிஜமாகவே ஒரு மரக்கால் தவிட்டை வாங்கிக்கொண்டு, மூன்று நாள் பிள்ளையை வெளியூர்க்காரர் கையில் கொடுத்துவிட்டாள். வளர்த்த அப்பா கோபம் வந்தால் அதைச் சொல்லிக் காட்டுவார். பெற்றவள் யார் என்று வைரக்கண்ணு ஒருநாளும் கேட்டதில்லை. மாட்டுத் தீவனத்துக்கு விற்றவளை என்னத்துக்குத் தேட வேண்டும் என்ற வீம்பு. சாகும் தறுவாயில் வளர்த்தவரே சொன்னார். பெற்றவள் பேர் காத்தாயி, தகப்பன் ரெத்தினம், ஊர் கீழமாங்காடு.

போய்ப் பார்த்தால் அந்தத் தெரு இருந்த இடத்தில் பைபாஸ் ரோடு ஓடியது. காத்தாயி போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆச்சு என்று டீக்கடைக்காரர் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

டீச்சரிடம் வைரக்கண்ணு முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஏன் வித்தா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

"ஏன்னு எந்தப் புத்தகத்துலயும் எழுத மாட்டாங்க ஐயா. யாரு, எப்போன்னுதான் எழுதுவாங்க."

"அப்போ நான் பொறந்த புத்தகத்தைக் குடுங்க."

வருகிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். டீச்சர் எடுத்துக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து, எட்டு மாதம் அந்தப் பதிவேடுகளைப் புரட்டினார் வைரக்கண்ணு. வைரக்கண்ணு என்ற பேரைத் தேடிக்கொண்டிருந்தார், பாவம். அந்தப் பேரை வைத்தது வளர்த்த வீடு, பதிவேட்டில் எப்படி இருக்கும்? டீச்சருக்கு இது தெரியும். தானாகப் புரியட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார். பொல்லாத பொம்பளைதான்.

ஒருவழியாகப் புரிந்து, பெற்றவர்கள் பேரைத் தேடினார். ஒரே நாளில் கிடைத்தது. தந்தை ரெத்தினம், தாய் காத்தாயி, ஆண் குழந்தை. பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"பாத்தீங்களா டீச்சர், ஒரு பேருகூட வைக்கல. விக்கப்போறதுக்கு எதுக்குப் பேருன்னு விட்டிருக்கா."

டீச்சர் எழுந்தார். உள்ளே போய் இன்னொரு கட்டைத் தூக்கிவந்து தூசி தட்டி வைத்தார். அதே ஊரின் இறப்புப் பதிவேடு.

"செத்தவங்க புத்தகம் எனக்கு எதுக்கு?"

"நீங்க பொறக்கறதுக்கு முந்தின வருஷங்களைத் திருப்புங்க."

திருப்பினார். எழுத்துக்கூட்டி வாசித்தார். தந்தை ரெத்தினம், தாய் காத்தாயி, ஆண் குழந்தை, ஒன்பது நாள், ஜன்னி. இரண்டு வருஷம் கழித்து பெண் குழந்தை, இருபது நாள், ஜன்னி. அப்புறம் ஆண், பதினோரு நாள். அப்புறம் பெண், ஐந்து நாள். நான்கிலும் தகவல் சொன்னவர் என்ற இடத்தில் தாய் என்று எழுதி, பக்கத்தில் கைநாட்டு.

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைத் தவிட்டுக்குக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். விலை போகாத பொருள் என்று எமன் திரும்பிப் பார்க்க மாட்டானாம். கொஞ்ச நாளில் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். வைரக்கண்ணுவுக்கும் இந்த வழக்கம் தெரியும். தனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள் என்பதுதான் தெரியாது.

"என்னைத் திருப்பி வாங்கலையே?" என்றார்.

"அந்த வீட்டுக்குள்ள மறுபடி கூட்டிட்டு வர பயமா இருந்திருக்கும்."

"சரி, உசுரோட இருக்கட்டும்னு குடுத்தா. வளந்தப்புறமாவது வந்து ஒரு எட்டுப் பாத்திருக்கலாமே. மகன்னு ஒருத்தன் இருக்கான்ங்கற நெனப்பாவது இருந்துச்சா அவளுக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் டீச்சர் காத்திருந்தார் போலிருக்கிறது. மேஜை டிராயரிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்தார். அடையாளத்துக்குக் காகிதத் துண்டுகூட வைத்திருந்தார். முதியோர் உதவித்தொகை மனுப் பதிவேடு. ஆதரவில்லாத கிழவிகளுக்கு மாதாமாதம் அரசாங்கம் கொடுக்கும் பணம் அது. வளர்ந்த மகன் இருந்தால் கிடையாது. அதனால், மூன்று மகன் பெற்றவர்கள்கூட ஒருத்தனும் இல்லை என்று சத்தியம் பண்ணுகிற இடம்.

வைரக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"மனுதாரர் காத்தாயி, வயது 66, விதவை. வீடு இல்லை, நிலம் இல்லை. விசாரணையில் தனக்கு ஒரு மகன் இருப்பதாக மனுதாரரே சொல்வதால் மனு தள்ளுபடி."

அடுத்த வருஷத்துப் பக்கத்திலும் அதே காத்தாயி, அதே தள்ளுபடி. மூன்றாவது வருஷம் விசாரித்த அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை போல. கூட ஒரு வரி எழுதியிருந்தார்.

"மகன் கவனிக்கவில்லை என்றாவது எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, அவனுக்கு என்னைத் தெரியாது, எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்கிறார்."

அதன்பிறகு மனு எதுவும் இல்லை.

வைரக்கண்ணு அழுதார். அறுபத்திரண்டு வயது மனுஷன், ஆபீஸ் என்றும் பார்க்காமல் விம்மி விம்மி அழுதார். டீச்சர் தடுக்கவில்லை.

"மகன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மாவுக்குக் கெடைச்சிருக்குமே டீச்சர். எல்லாரும் சொல்றதுதானே. ஏன் சொல்லல?"

டீச்சர் பதிவேட்டை மெல்ல மூடினார்.

"நாலு பிள்ளைய இல்லைன்னு வந்து சொல்லிட்டுப் போனவங்க ஐயா. அஞ்சாவதையும் இல்லைன்னு சொல்ல வாய் வரல."